எரு எங்கிருந்து வந்தது?

இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. முன்னோர் மாட்டெருவும் தழையும் இட்டு மண்ணைக் காத்தார்கள். 1960-களில் பசுமைப் புரட்சி வந்தது, யூரியா மூட்டை வந்தது, டிராக்டர் வந்தது, மண் கெட்டது. தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960-இல் தொடங்கியதும், சில ஆண்டுகளுக்குள் ஆடுதுறை 27 நெல் குறுவை வயல்களில் பரவியதும், கூடவே ரசாயன உரத்தின் அளவு ஏறியதும் உண்மைதான். ஆனாலும் இந்த வரலாறு பாதியிலிருந்து தொடங்குகிறது. உர மூட்டை வந்து இறங்கிய இடம் ஏற்கெனவே காலியாகக் கிடந்தது. தமிழ்நாட்டு வயல்களுக்கு எரு வந்துகொண்டிருந்த வழிகள் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாக அடைபட்டு வந்தன. அந்த வழிகளில் பெரும்பாலானவை வயலுக்கு வெளியே இருந்தவை: காடு, மேய்ச்சல் புறம்போக்கு, ஏரி, ஆறு, அடுத்த மாவட்டத்து ஆட்டு மந்தை. வயலுக்குள் எதை இடலாம், எதை இடக்கூடாது என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டால் இயற்கை உரத்தின் பழங்கதையும் புரியாது, மண்ணை அதிகம் கிளறாத குறைந்த உழவின் பழங்கதையும் புரியாது. என் பார்வையில் இவை இரண்டும் ஒரே கதை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை விழுக்காடுதான். ஆக, ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்தை எருவாகக் கொடுக்க நான்கு டன் வேண்டும். மாட்டு வண்டிக்கு அரை டன் என்று வைத்தால் எட்டு வண்டி. தொழுவுரம் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் நுண்சத்துகளையும் சேர்த்துத் தருகிறது, மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டுகிறது, அடுத்த போகத்துக்கும் வேலை செய்கிறது. எனவே இரண்டையும் தழைச்சத்தால் மட்டும் ஒப்பிடுவது எருவுக்கு நியாயம் செய்வதாகாது. ஆயினும் எட்டு வண்டி என்ற அளவு மனதில் இருக்க வேண்டும். எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அது இருபத்தைந்து வண்டி. இவ்வளவு எரு எங்கிருந்து வரும்? தன் வயல் வைக்கோலை மட்டும் தின்னும் மாடு, அந்த வயலின் சத்தைத்தான் வயலுக்குத் திருப்பித் தருகிறது, அதையும் குறைத்தே தருகிறது. நெல் மூட்டையோடு வெளியேறிய சத்தை அது ஈடுகட்டாது. பகலெல்லாம் புறம்போக்கிலும் கரையிலும் காட்டோரத்திலும் மேய்ந்துவிட்டு இரவில் தொழுவத்துக்கு வரும் மாடுதான் வயலுக்குப் புதுச் சத்தைக் கொண்டுவருகிறது. பழைய வேளாண்மை நின்றது அந்த மாட்டின் கால்களில்.

மாடு ஒன்றுதான் வழி என்பதில்லை. சேலம், கோயம்புத்தூர், வடஆர்க்காடு போன்ற மலையடிவார வட்டாரங்களில் நடவுக்கு முன் காட்டிலிருந்து தழை வந்தது. ஆவாரை, புங்கம், வேம்பு, எருக்கு, கொளிஞ்சி என்று கட்டுக்கட்டாகத் தலையிலும் வண்டியிலும் கொண்டுவந்து, சேறாக்கிய தொளியில் பரப்பி, ஆட்களும் மாடுகளும் மிதித்து மண்ணுக்குள் அமுக்குவார்கள். கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் புன்செய்க்கு ஏறியது. காவிரிப் படுகையில் ஆடி வெள்ளமே வண்டலைக் கொண்டுவந்து வாய்க்கால் வழியே வயலில் விட்டது. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிலைத் தோட்டக்காரர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். வேலியாக நின்ற பூவரசும் கிளுவையும் ஆண்டுதோறும் வெட்டுப்பட்டுத் தழையாகின. கூரையிலும் வேலியிலும் கிடந்து நைந்த பனையோலை தோட்டத்து மண்ணில் தாழ்க்கப்பட்டது. மாட்டுப் பட்டியை இரவில் தோட்டத்துக்குள்ளேயே அடைத்தார்கள். ஒரு சிறிய தோட்டத்து மண்ணை வளப்படுத்த ஒரு பனங்கூடலும் நீண்ட வேலிகளும் ஊர் மாடு மேயும் தரவையும் தேவைப்பட்டன.

இவற்றுள் கிடை போடுதல் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் ஆட்டு இடையர்களான கீதாரிகள் அறுவடை முடிந்த பருவத்தில் ஆடுகளோடு காவிரிப் படுகைக்கு நடந்து வருவார்கள். பகலில் ஆடுகள் அறுத்த வயலின் தாளையும் வரப்புப் புல்லையும் வாய்க்கால் கரைகளையும் மேயும். மாலையில் பேசிய வயலுக்கு மந்தையை ஓட்டிவந்து வலையோ படலோ கட்டி அடைப்பார்கள். குட்டிகளுக்குத் தனியே கொடாப்பு என்னும் கூடு. விடியும்போது அந்த இடம் முழுக்கப் புழுக்கை. அதன் அடியில் மூத்திரம் ஊறிய மண். மறுநாள் இரவு வலை பக்கத்துத் துண்டுக்கு நகரும். வயல்காரர் இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று முன்பு நெல்லாகவும் இப்போது பணமாகவும் கொடுக்கிறார். ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்’ என்ற சொலவடை, ஆட்டெரு விரைவில் பயிருக்குக் கிடைப்பதைக் கண்டவர்கள் சொன்னது. தொழுவத்து எருவில் பெருமளவு வீணாகும் மூத்திரம் இங்கே நேரே மண்ணில் இறங்குகிறது; அதில்தான் தழைச்சத்து மிகுதி. இன்னொரு சிறப்பும் உண்டு. எட்டு வண்டி எருவை அள்ளி, ஏற்றி, இறக்கி, இறைக்கும் வேலை இதில் இல்லை. எரு தானாகவே நடந்து வந்து விழுகிறது. மூடுவதற்கு மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டினால் போதும். எருவும் குறைந்த உழவும் ஒரே ஏற்பாட்டில் சேர்ந்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு வழக்கம் இல்லை.

உழவின் பக்கம் வருவோம். நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டாது. கொழுவின் முனை நாலைந்து அங்குலம் கீறிச் செல்லும், அவ்வளவுதான். மேல்மண் மேலேயே இருக்கும். இரண்டு சாலுக்கு நடுவே கீறப்படாத மண் நிற்கும், அதனால் குறுக்கே மறுபடி ஓட்ட வேண்டும். ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்து தரும் இந்தக் கருவியை ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்கு நடந்துவிடலாம். ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்கு இது மண்ணைச் சுரண்டும் குச்சியாகத் தெரிந்தது. 1860-களில் சென்னைக்கு அருகே சைதாப்பேட்டையில் அமைந்த அரசுப் பண்ணையில் மண்ணை ஆழப் புரட்டும் இரும்புக் கலப்பைகள் இங்கிலாந்திலிருந்து வந்து ஓடின. 1868-இல் அங்கே வேளாண் பள்ளியும் வந்தது. பின்னாளில் கோயம்புத்தூருக்கு இடம் மாறி இன்றைய பல்கலைக்கழகமாக வளர்ந்தது அதுவே. கலப்பைகள் மட்டும் குடியானவர்களிடம் பரவவில்லை. பழமைப் பிடிப்பு என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. 1889-இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்து அரச வேளாண் சங்கத்தின் ஆலோசனை வேதியியலாளரான அவர் 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவர் சராசரி ஆங்கில உழவருக்குச் சளைத்தவர் அல்ல, சிலவற்றில் மேலானவர் என்று எழுதினார். நாட்டுக் கலப்பை விலை மலிந்தது, ஊரிலேயே செய்யக்கூடியது, சிறிய மாடுகளின் இழுவைக்கு ஏற்றது. வெயில் கடுமையான நாட்டில் மண்ணை ஆழப் புரட்டினால் ஈரம் பறிபோகும். வோல்க்கர் எடைபோட்டவை இத்தகைய காரணங்கள். ஊர்க்காரர்கள் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு நம் ஊர்ச் சொலவடையிலேயே இருக்கிறது. அகல உழுவதைவிட ஆழ உழு என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்? குறைந்த உழவு எங்கே இருந்தது? மறுப்பு வலுவானது, ஒரு பகுதி ஏற்கத் தக்கதும்கூட. தமிழ் வேளாண்மை ஒருபோதும் உழாத வேளாண்மையாக இருந்ததில்லை. நடவு வயலைத் திரும்பத் திரும்ப உழுது, பரம்படித்து, கூழாகக் கலக்குவது உழவிலேயே கடும் உழவு. மானாவாரியில் கோடை மழைக்கு முன் உழுது போடுவதும் மழைநீர் வழிந்தோடாமல் மண்ணுக்குள் இறங்கவே. ஆனால் சொலவடையின் ஆழம் நாட்டுக் கலப்பையின் ஆழம். இருக்கிற ஒரு ஜோடி மாட்டைக் கொண்டு பெரும்பரப்பை அரைகுறையாகக் கீறாமல் சிறு துண்டைத் திருந்த உழு என்பது அதன் அறிவுரை. டிராக்டரின் சட்டிக் கலப்பை கிளறும் ஆழம் அதைச் சொன்னவர்களின் அனுபவத்தில் இல்லை. திருக்குறளின் உழவு அதிகாரமும் இங்கே கவனிக்கத் தக்கது. உழுத மண்ணைக் கால் பங்காக வற்றும்படி உணக்கினால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது ஒரு குறள். அதற்கடுத்த குறள் உழுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறது. உழவும் எருவும் ஒன்றுக்கொன்று ஈடாகக்கூடியவை என்பதும் இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தன.

உழவே வேண்டாத ஒரு பயிரும் படுகையில் உண்டு. சம்பா, தாளடி நெல் முற்றி, வயலில் தண்ணீர் வடிந்து, மண் மெழுகுப் பதத்துக்கு வரும்போது, அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாளுக்கு முன், நிற்கும் கதிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை. தெளிப்பவர் கதிரை ஒதுக்கியபடி நடக்க, கைவீச்சில் விழும் விதை தூர்களுக்கிடையே ஈர மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அரிவாளோடு ஆட்கள் இறங்கும்போது முளை இரண்டு இலை விட்டிருக்கும். வெறுங்கால் பட்டால் சாய்ந்து மறுபடி நிமிரும். கதிர் போனதும் வெயில் கிடைக்கிறது. நின்ற தாள் காற்றையும் வெயிலையும் கொஞ்சம் தடுத்து மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. செத்த நெல்வேர் விட்ட துளைகளின் வழியே பயற்றின் வேர் கீழே இறங்குகிறது. பிறகு நீர்ப்பாசனம் இல்லை, உழவு இல்லை, களையெடுப்பும் பெரும்பாலும் இல்லை. மீதி ஈரமும் தை, மாசிப் பனியுமே போதும். அறுபத்தைந்து முதல் எழுபத்தைந்து நாளில் காய் முற்றிவிடும். வேர் முடிச்சுகளில் சேர்ந்த தழைச்சத்தில் ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. பயறு எடுத்த வயலில் கிடை விழுகிறது. ஜப்பானில் மசானோபு ஃபுகுவோகா நிற்கும் பயிருக்குள் அடுத்த பயிரை விதைத்ததை அவருடைய 1975-ஆம் ஆண்டு நூல் உலகறியச் செய்தது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து உழவர்களுக்கு அது ஆண்டுதோறும் தை மாதத்து வேலை.

இந்தப் பயறுக்குக் களை ஏன் குறைவு என்பதில்தான் பாடம் இருக்கிறது. நான்கைந்து மாதம் தேங்கிய நீரும் அதற்கு முந்திய சேற்றுழவும் களையை ஏற்கெனவே அடக்கிவிட்டன. ஒரு போகத்தின் கடும் உழவு அடுத்த போகத்தின் உழாமைக்கு இடம் தருகிறது. அமெரிக்காவில் 1930-களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு, எட்வர்ட் ஃபாக்னர் 1943-இல் கலப்பையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி நூல் எழுதினார். ஆனால் உழாத வேளாண்மை அங்கே பெரும்பரப்புக்குப் பரவியது 1960-களில் பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகள் கைக்கு வந்த பின்தான். கலப்பை செய்த வேலையை மருந்து செய்தது. காவிரிப் படுகையில் அதே வேலையைத் தண்ணீரும் பயிர் அடுக்கும் செய்தன. உழவைக் குறைப்பது ஒரு கொள்கையாக இங்கே யாருக்கும் தோன்றியதில்லை. பதம் இருந்தால் உழாமல் விதைத்தார்கள், இல்லையென்றால் உழுதார்கள். அந்த நிதானம் எனக்கு எந்தக் கொள்கையைவிடவும் பெரிதாகப் படுகிறது.

பயறும் கொளிஞ்சியும் வயலுக்குள்ளேயே தழைச்சத்தை உண்டாக்குகின்றனவே, அப்படியானால் எரு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்ற வாதம் என்னாவது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரியானது. காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணில் சேர்ப்பது அவரைக் குடும்பத்தின் அருங்கொடை. மாடு கடிக்காத கொளிஞ்சி காவலில்லாமலே தரிசில் வளர்ந்து, விதை உதிர்த்து, அடுத்த ஆண்டும் முளைத்தது. ஆனால் இவை மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் உண்டாக்க முடியாது; மண்ணில் இருப்பதை எடுத்துத்தான் தர முடியும். மேலும் அவற்றுக்கு நிலம் ஒரு பருவம் நெல்லிலிருந்து விடுபட்டுக் கிடக்க வேண்டும். அந்தப் பருவத்தையும் விற்பனைப் பயிருக்குக் கொடுத்துவிட்டால் பசுந்தாளுக்கு இடமில்லை.

இனி வழிகள் அடைபட்ட கதை. 1878-இன் இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் உடனே ஏற்கவில்லை. மாகாணத்தின் காடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஊர்களுக்கு வழக்கத்தால் வந்த உரிமை உண்டு என்று அதன் வருவாய் அதிகாரிகளே சொன்னார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் குரல் தோற்றது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகள் குறிக்கப்பட்டன, மேய்ச்சலுக்குக் கட்டணமும் தழைக்கும் விறகுக்கும் அனுமதிச் சீட்டும் வந்தன. எல்லைக்கல் தாண்டிய மாடு பிடிபட்டு அரசுப் பட்டிக்குப் போனது. 1876 முதல் 1878 வரையான பெரும்பஞ்சத்தில் மாடுகளை இழந்து, பாடுபட்டு மீண்டும் சேர்த்துக்கொண்டிருந்த ஊர்களின் மேல் இது விழுந்தது. விறகு கிடைக்காத இடத்தில் சாணம் அடுப்புக்குப் போகும். வோல்க்கரின் அறிக்கையில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தப் பகுதி. குடியானவர் அறியாமையால் சாணத்தை எரிக்கிறார் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. விறகு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் சாணம் வயலுக்குப் போவதைப் பார்த்தார். விறகுப் பஞ்சமே காரணம் என்றார். ஊர்களுக்கு அருகே விறகுக்கும் தீவனத்துக்குமான காடுகளை ஒதுக்கும்படி வற்புறுத்தினார். ஓர் அரசின் வனத்துறை வேளாண்மைக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது அவருடைய கருத்து. 1913-இல் சென்னை மாகாண வனக்குழு அறிக்கை தந்தபோதும் மேய்ச்சல், தழை, விறகு ஆகிய மூன்றைப் பற்றிய ஊர்களின் குறை அப்படியே இருந்தது. அதன்பின் வனப் பஞ்சாயத்துகள் வந்தன. இழந்த உரிமையில் ஒரு துண்டுதான் அவற்றால் திரும்பியது.

காடு ஒரு பக்கம் மூடியது. துறைமுகம் மறுபக்கம் திறந்தது. தென்னார்க்காட்டின் நிலக்கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்சேய் ஆலைகளுக்குப் போனது. எண்ணெய் மட்டும் போயிருந்தால் மண்ணுக்கு நட்டமில்லை, எண்ணெயில் மண்ணின் சத்து எதுவும் இல்லை. பருப்பாகவே போனதால் புண்ணாக்கும் போனது. புண்ணாக்கில்தான் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருந்தன. எலும்பும் கப்பலேறியது. ஏரிகளைப் பராமரித்த குடிமராமத்து தளர்ந்ததும், அதை 1858-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் கட்டாய உழைப்பாக்கிப் பிடித்து நிறுத்தப் பார்த்ததும் பலனளிக்காமல் போனதும் தனிக்கதை. வண்டல் ஏரியிலேயே தங்கியது என்பது நமக்குத் தேவையான முடிவு. 1934-இல் மேட்டூர் அணை திறந்தது. படுகைக்குத் தண்ணீர் சீராக வந்தது, ஆனால் வண்டலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னால் படியத் தொடங்கியது. அணை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆற்றுக்கும் வயலுக்கும் இடையே இருந்த ஓர் உர வழி அன்று நின்றதை யாரும் கணக்கில் எழுதவில்லை என்பதே குறை. பாரி நிறுவனம் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையை 1906-இலேயே தொடங்கிவிட்டது. பசுமைப் புரட்சிக்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே உரம் காசுக்கு வாங்கும் சரக்காகத் தொடங்கியிருந்தது.

எதிர்வாதங்களில் இரண்டைக் கட்டாயம் எதிர்கொள்ள வேண்டும். வனச் சட்டம் இல்லாதிருந்தால் காடுகள் மொட்டையாகியிருக்கும் என்பது முதலாவது. ரயில் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் காடு வெட்டப்பட்ட காலம் அது. பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதுகாப்பின் செலவு முழுவதும் தழைக்கட்டு சுமந்தவர் மேல் ஏற்றப்பட்டது. வோல்க்கர் சொன்ன ஊர்க்காடுகள் உண்மையாகவே எழுந்திருந்தால் காடும் இருந்திருக்கும், சாணமும் வயலுக்கு வந்திருக்கும். பழைய முறையில் விளைச்சல் குறைவு, இன்றைய மக்கள்தொகைக்கு அது போதாது என்பது இரண்டாவது. இதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 ஆகிய நெல் வகைகள் அரிசிப் பஞ்சத்தை விரட்டியதில் பங்கு கொண்டவை. எருவின் வரலாற்றைப் பேசுவது யூரியாவை நாளையே நிறுத்துவதற்கான மனு ஆகாது. எத்தனை வழிகள் திரும்பத் திறக்கின்றனவோ அத்தனை மூட்டைகளைக் குறைக்கலாம் என்ற அளவில்தான் அது பயன்படும்.

இவற்றைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. இயற்கை வேளாண்மைப் பேச்சில் அது அரிதாகவே வருவதால் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த எட்டு வண்டி எருவை யார் சுமந்தார்கள்? தஞ்சைச் சமவெளியில் மிராசுதாரின் எருக்குழியை வெட்டி அள்ளியதும், தழை மிதித்ததும், விடியுமுன் ஏர் பூட்டியதும் பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள். 1952-இல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் பழியாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எருவின் பொற்காலம் என்று சொல்லப்படும் காலம் இவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்காமல் அந்தக் காலத்தைப் போற்றுவது தவறு. டிராக்டரும் மூட்டையும் அவர்களின் தலைச்சுமையை இறக்கின; அதற்கு மதிப்புண்டு. ஆகையால் பழைய முறையிலிருந்து எதை எடுப்பது என்று தேரும்போது உழைப்பையும் தராசில் வைக்க வேண்டும். அந்தத் தராசில் கிடையும், கதிருக்குள் தெளிக்கும் உளுந்தும், பசுந்தாளாக வளர்த்து வயலிலேயே மடக்கி உழும் தக்கைப்பூண்டும் நன்றாகவே நிற்கின்றன. எருவைச் சுமக்காத முறைகள் அவை.

டிராக்டரின் மறுபக்கமும் இங்கே வந்துவிடுகிறது. ஏர் மாடு இழுத்தது, சாணமும் போட்டது. இரண்டு வேலைக்கும் ஒரே தீவனம். சேற்றில் நடக்க உகந்த உயரம் குறைந்த உம்பளச்சேரி மாடு படுகையின் கடலோர மேய்ச்சலில் வளர்ந்து, படுகையின் தொளியில் உழைத்தது. உழவு இயந்திரத்துக்குப் போனபோது சாணமும் சேர்ந்து போனது. மாடு போனபின் ‘இந்த மேய்ச்சல் நிலம் எதற்கு?’ என்ற கேள்விக்கு ஊரில் பதில் சொல்ல ஆளில்லை. புறம்போக்கு மனையாகவும் கட்டடமாகவும் மாறியது. முதலில் மேய்ச்சல் சுருங்கி மாடு மெலிந்தது, பிறகு மாடு மறைந்து மேய்ச்சல் சுருங்கியது. உழவின் வரலாறும் எருவின் வரலாறும் ஒன்றே என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வழிகளைத் திறக்காமல் மூட்டையை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021-இல் இலங்கை கண்டது. அந்த ஆண்டு மே மாதம் ரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் இயற்கை உரத்துக்கு மாற வேண்டும் என்றார்கள். அவ்வளவு எரு நாட்டில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே ஆணை வந்தது. உழவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நவம்பரில் தடை விலகியது. ஆனாலும் பெரும்போக நெல் தப்பவில்லை, விளைச்சல் பெருமளவு சரிந்து அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. பனையோலை தாழ்த்தும் மரபுள்ள யாழ்ப்பாணத்துக்கும் அதே ஆணைதான். இயற்கை உரம் தோற்றது என்று இதை முன்வைத்துச் சிலர் எழுதினார்கள். தோற்றது எருவுக்கு முன் ஆணையை அனுப்பிய அவசரம். சிக்கிம் 2003-இல் முடிவெடுத்து 2016-இல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்பே அங்கே ரசாயன உரம் குறைவு, காடும் கால்நடையும் வீட்டருகே இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு எங்கே என்று தெரியும்.

தமிழ்நாட்டில் 2017-இல் ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி அள்ள அரசு வழிசெய்தது. அடைபட்ட ஒரு வழி சட்டப்படி திறந்தது அப்போது. 2023-இல் இயற்கை வேளாண்மைக் கொள்கை வந்தது. பசுந்தாள் விதையும் மானியத்தில் கிடைக்கிறது. ஆனால் தக்கைப்பூண்டு வளர நாற்பத்தைந்து நாள் ஈரம் வேண்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய சித்திரை, வைகாசியில் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் விதைக்கலாம். கடைமடைக்காரர் என்ன செய்வார்? அவருக்குப் பழக்கமான வழி, தண்ணீரே கேட்காத கிடை. கீதாரிகள் வரும் பாதைகளிலோ இன்று வேலியும் மனையும் சீமைக்கருவேலமும். உளுந்தின் நிலையும் சிக்கலாகிவிட்டது. அறுவடை இயந்திரத்தின் எடையில் முளை நசுங்குகிறது, ஈர மண் இறுகுகிறது. இயந்திரம் போனபின் விதைக்கலாம் என்றால் மெழுகுப் பதம் ஓரிரு நாளில் தாண்டிவிடும். பிறகு உழாமல் முளைக்காது. இயந்திரம் விட்ட வைக்கோலைக் கட்டுகளாகச் சுருட்டி லாரியில் ஏற்றிக் கேரளத்துக்கும் பால் வட்டாரங்களுக்கும் அனுப்புகிறார்கள். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. இந்தியாவோ தனக்கு வேண்டிய பொட்டாஷை இறக்குமதி செய்கிறது. வைக்கோல் விற்ற காசில் பொட்டாஷ் வாங்கும் உழவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. கட்ட வேண்டிய மாடு அவரிடம் இல்லை, மேய்க்க இடமும் இல்லை. கொள்கை எழுதுகிறவர்கள் ஊர்க் கணக்கில் இன்னும் மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும் நிலங்களையும் கிடைப்பாதைகளையும் அளந்து கல் நட்டுக் கொடுக்கட்டும். கையறுப்பு அற்றுப்போன ஊர்களில் ஈர மண்ணை அழுத்தாத இலகுவான அறுவடைக் கருவிக்கு மானியம் தரட்டும். விதைப் பொட்டலத்தை அதன்பின் கொடுத்தால் அது வயலில் முளைக்கும்.